சுவரில் வந்த சக்களத்தி

ஆவாரங்காட்டுப்புதூரில் கடல் கிடையாது, ஏரிகூட ஐப்பசி மழை தப்பினால் காய்ந்துவிடும், ஆனாலும் அந்த ஊரில் ஒரு திமிங்கிலம் இருந்தது. பால் சொசைட்டிக் கட்டடத்தின் தெற்குச் சுவர் முழுக்க அது நீலமாகப் படுத்துக்கிடக்க, காலையில் பால் ஊற்ற வருகிறவர்கள் கேனை இறக்கிவைத்துவிட்டு அதன் வயிற்றில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் ஊர்ப்பேச்சை ஆரம்பிப்பார்கள். அது கோழிக்கோட்டுத் திமிங்கிலம். கொண்டுவந்தது லாரி டிரைவர் ரத்தினவேல்.

கொண்டுவந்தது என்றால் தார்ப்பாய் போட்டு மூடி ஏற்றிவந்ததல்ல. ரத்தினவேலுக்குப் பீடி கிடையாது, குடி கிடையாது, அவனுக்கு இருந்த ஒரே பித்து, போகிற ஊரில் சுவரில் ஒரு நல்ல படத்தைக் கண்டால் லாரியை ஓரங்கட்டி இறங்கி, வாயைப் பிளந்து பார்த்து, கிட்டப் போய்ப் பார்த்து, எட்ட வந்து பார்த்து, அப்புறம் போனில் ஒரு போட்டோ பிடித்துக்கொள்வது. பாலத்துத் தூணில் ஏறும் குரங்கு, மீன் மார்க்கெட் சுவரில் குடை பிடித்த கிழவர், ரயில்வே காம்பவுண்டில் யாரோ பெயின்ட்டைப் பீய்ச்சி எழுதிய, எந்தப் பாஷை என்றே தெரியாத கொழுகொழு எழுத்துகள், எதையும் அவன் விடமாட்டான். அப்படி ஒரு தடவை கொச்சியிலிருந்து வந்து இறங்கியவன், மாட்டுக்கொட்டகை முன்னால் நின்று, ‘இங்க பாரு புள்ள’ என்று பெண்டாட்டி கோகிலவாணியிடம் போனைத் திறந்து ஒரு புலியைக் காட்டினான். காட்டின அந்த நிமிஷம் போனில் இருந்த புலி இல்லாமல் போய், கொட்டகையின் வெறுஞ்சுவரில் வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மாடு அன்றைக்குக் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பிறகு பழகிப்போய்ப் புலியின் மீசையை நக்க ஆரம்பித்தது.

ஊர்க்காரர்களின் ஆச்சரியமெல்லாம் பொழுது சாய்கிறவரைக்கும்தான். விடிந்ததும் அவரவருக்கு அவரவர் வீட்டுச் சுவர் நினைப்பு வந்துவிட்டது. எதிர்வீட்டுப் பாவாயியக்கா மகள் கல்யாணத்துக்கு முந்தி ஒரு ஜோடி மயில் கேட்டாள். ஊர்த் தலைவர் வந்து, ‘பஞ்சாயத்து ஆபீசுக்கு எந்தக் கட்சியும் சாராத மிருகமா ஒண்ணு பாத்துக் கொண்டாப்பா’ என்றார், யோசித்து யோசித்துக் கடைசியில் ஒட்டகச்சிவிங்கி வந்தது. படம் போன ஊரில் அந்தச் சுவர் வெளுத்துப்போய்விடும் என்பது தெரியவந்தபோது கொஞ்சம் சங்கடப்பட்டார்கள்தான், ஆனால் கோழிக்கோட்டிலிருந்து வேன் பிடித்துச் சண்டைக்கு வந்தவர்களே, திமிங்கிலத்தின் நிழலில் கன்றுக்குட்டிகள் படுத்து அசைபோடுவதைப் பார்த்துவிட்டு, ஊரார் போட்ட பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, ‘நாங்க வேற வரைஞ்சுக்கிறோம்’ என்று திரும்பிப் போனபிறகு அந்தச் சங்கடமும் தீர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கெங்கிருந்தோ ஆட்கள் போனும் கையுமாக வந்து சுவர் சுவராக நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் எடுத்தால் எதுவும் நகரவில்லை. ரத்தினவேலுக்குத்தான் கைராசி என்று ஊர் சொன்னது, அவனும் இல்லை என்று சொல்லவில்லை.

ஊருக்கெல்லாம் படம் கொண்டுவந்தவன் போனில் கோகிலவாணியின் படம் ஒன்றுகூட இல்லை.

அதற்கு அவளும் காரணம். கல்யாண ஆல்பத்திலேயே அவள் மாப்பிள்ளையைப் பார்த்ததைவிடத் தரையைப் பார்த்ததுதான் அதிகம். கல்யாணமான புதுசில் அவன் போனைத் தூக்கும்போதெல்லாம் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, ‘ஐயோ, வேண்டாம் போங்க மாமா’ என்பாள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான் போலிருக்கிறது என்று அவன் விட்டுவிட்டான். இன்னும் ஒரு தரம் கேட்டிருந்தால் அவள் மூடாமல் நின்றிருப்பாள், அதற்குத்தான் அவள் காத்திருந்தாள், பிள்ளை பிறந்து அது தவழ ஆரம்பித்தும் அந்த இன்னொரு தரம் வரவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் உப்பு ஏற்றத் தூத்துக்குடி போன ரத்தினவேல், வீட்டின் பக்கச் சுவர் வெறுமனே கிடக்கிறதே என்று, அங்கே ஒரு குடோன் சுவரில் நின்ற உப்பளத்துக்காரியைக் கொண்டுவந்து இறக்கினான்.

தண்ணீர்த் தொட்டிக்கு நேரே, கூரை முட்ட நின்றாள் அவள். தலையில் உப்புக் கூடை, நெற்றியை மறைத்துச் சுற்றிய துண்டு, இமையில் ஒட்டிய உப்புத்தூள்கூட வெயிலில் மின்னியது. யாரையோ பக்கவாட்டில் பார்த்து அப்போதுதான் சிரிக்க ஆரம்பித்தவள் மாதிரி, சிரிப்பு முழுசாக வருவதற்கு முந்தின நிமிஷத்தில் நின்றாள், பார்க்கிறவர்கள் அந்தச் சிரிப்பு வந்துசேரட்டும் என்று காத்துக்கொண்டே நிற்கவேண்டியிருந்தது. தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் குடம் வழிவது தெரியாமல் நின்றார்கள். ரத்தினவேல் லாரியை விட்டு இறங்கினால் நேரே தொட்டி விளிம்பில் போய் உட்கார்ந்துகொண்டு, டீயை அங்கே கொண்டுவரச் சொன்னான்.

‘ஏ கோகிலா,’ என்றாள் பாவாயியக்கா, வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு, ‘உனக்கு இவ மூத்தாளா, எளையாளா?’

‘சும்மா இருங்கக்கா.’

‘நான் சும்மாத்தான் இருக்கறேன். உன்ற ஊட்டுக்காரன்தான் சும்மா இருக்கற மாதிரி தெரியல.’

மற்றவர்கள் சிரித்தார்கள், கோகிலவாணியும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே உள்ளே போய்ப் பருப்பைக் கடைந்த கடையலில் சட்டி விரிசல் விட்டது.

கட்டினவன் பார்ப்பதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள், பிள்ளை பார்ப்பதைத்தான் பொறுக்கமுடியவில்லை. அழுகிற மகிழினியைத் தோளில் போட்டுத் தட்டி, தாலாட்டி, பால் கொடுத்தும் எதற்கும் அடங்காமல், சுவர்ப் பக்கம் போனதும் அது அழுகையை விழுங்கிவிட்டு உப்பளத்துக்காரியைப் பார்த்துக் கெக்கெக் என்று சிரிக்கும். ஒரு நாள் யாரும் இல்லாத மத்தியானத்தில் கண்ணாடி முன்னால் நின்று, துண்டை அதே மாதிரி நெற்றியை மறைத்துச் சுற்றிக்கொண்டு, பக்கவாட்டில் பார்த்து, சிரிப்பு வருவதற்கு முந்தின நிமிஷத்தில் நிற்கப் பார்த்தாள், அது வரவில்லை, வந்தால் முழுசாக வந்தது, இல்லாவிட்டால் அழுகையாக வந்தது. அந்தக் கோலத்திலேயே ரத்தினவேலுக்குச் சோறு போட்டாள்.

‘தலைவலியா புள்ள?’ என்றான் அவன். ‘தைலம் தேச்சுக்கிட்டுப் படு.’

அன்றைக்கு மாட்டுச்சாணி முழுவதையும் உருட்டி எடுத்துக்கொண்டுபோய், உப்பளத்துக்காரியின் பாதத்திலிருந்து கை எட்டுகிற உயரம்வரைக்கும் வறட்டியாகத் தட்டினாள், ஏணி போட்டு ஏறி முகத்தின்மேலும் தட்டினாள். காய்ந்ததும் வறட்டி தானாக உதிர்ந்தது. சாணி போட்டு மெழுகினாற்போல நிறமெல்லாம் துலங்கிப்போய், அவள் முன்னைக்கு இப்போது இன்னும் பளிச்சென்று நின்றாள். சுண்ணாம்பு அடித்தாள் கோகிலவாணி. அது காய்வதற்குள் சுண்ணாம்பைக் குடித்துவிட்டு உப்பளத்துக்காரி குளித்து வந்தவள்போல நின்றாள். பாவாயியக்கா வந்து பார்த்துவிட்டு, ‘நீ அவளுக்கு அடிமையாட்டம் அலங்காரம் பண்ணிக்கிட்டு இருக்கற, போ’ என்றாள்.

கோகிலவாணி அதன் பிறகு வாயைத் திறந்தாள்.

‘ஏனுங் மாமா, அவளக் கொண்டுபோய் எடுத்த எடத்துலயே உட்டுட்டு வாங்க.’

‘எவள?’

‘எத்தன பேருங்க இருக்கறாங்க?’

அவன் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தான். ‘படம் புள்ள அது. படத்துக்கு ஆரு கோவிச்சுக்குவாங்க?’

‘படமோ பொம்பளையோ, அவ இருக்கற சுவத்துக்கிட்ட நான் தண்ணி மோக்கமாட்டேன். அங்க போயி போனத் தொறந்து காட்டுனா அந்தச் சுவத்துக்குப் போயிருவா இல்ல? நானும் வர்றேன். அவ எறங்குறத என்ற கண்ணால பாக்கோணும்.’

பொங்கலுக்குப் பிறந்த வீடு போவதைத் தவிர எங்கும் போகாதவள், பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு லாரி கேபினில் ஏறி உட்கார்ந்ததைப் பார்க்க ஊரே திரண்டு வந்தது. ரத்தினவேல் உப்பளத்துக்காரியைப் போனில் பிடித்தான், சுவர் வெளுத்தது, தண்ணீர்க் குடங்களோடு நின்ற பெண்கள் ஒரு சாவு வீட்டுப் பெருமூச்சு விட்டார்கள்.

போகிற வழியெல்லாம் சுவர்தான். இத்தனை சுவர்கள் இந்த உலகத்தில் இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. கரூர் தாண்டி ஒரு பள்ளிக்கூடச் சுவரில் குழந்தைகள் வரைந்த, கால் ஆறு வைத்த குதிரை. திண்டுக்கல்லில் இடிந்த குடோன் சுவரில் கரியாலேயே போட்ட ஒரு பெரிய கண், அதற்குள் ஒரு ஆல மரம். மற்ற டிரைவர்கள் கோயிலைக் கண்டால் வேகத்தைக் குறைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வதுபோல, அவன் சுவரைக் கண்டால் வேகத்தைக் குறைத்தான், ‘அந்தா பாரு, அந்தா அந்த மூலையில பாரு’ என்று கையை நீட்டினான், அப்போது அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அவள் கையின் திசையைப் பார்க்காமல் அந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். இப்படி ஒரு முகம் இவனுக்கு இருக்கிறதா, இதை இத்தனை காலமும் ரோட்டில் கண்ட செங்கலுக்கும் சிமென்ட்டுக்கும் கொடுத்துக்கொண்டு, வீட்டுக்கு மிச்சத்தைக் கொண்டுவந்தானா என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஊரூராய் இருந்த அத்தனை சுவர்மேலும் காந்தல் எடுத்தது.

ஆனால் மதுரைக்கு வெளியே மேம்பாலத்தின் அடியில், பாலத்தின் நீளம் பூராவும் தொட்டில் தொட்டிலாக வரைந்து, ஒவ்வொரு தொட்டிலிலும் ஒரு ஊர் தூங்குகிற மாதிரி போட்டிருந்ததைக் கண்டபோது, ‘நிறுத்துங்க மாமா!’ என்று கத்தினவள் அவள்தான். இறங்கி, பிள்ளையோடு அந்தக் கடைசிக்கும் இந்தக் கடைசிக்கும் நடந்தாள். ஒரு தொட்டிலில் மழை பெய்துகொண்டிருந்தது, ஒன்றில் அடுப்புப் புகை, ஒன்றில் தேர் பாதி வழியில் நின்றது. தன் காந்தல் எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை. ரத்தினவேல் போனை எடுத்தான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

‘வேண்டாமுங்க. இங்கயே தூங்கட்டும். பாத்துட்டுப் போலாம்.’

இரண்டு பேரும் லாரி சக்கரத்தில் சாய்ந்து நின்று பார்த்தார்கள். பார்த்துவிட்டுக் கிளம்பினார்கள்.

தூத்துக்குடியில் உப்பு குடோன் சுவர் வெள்ளையாக நின்றது. எதிரே டீக்கடை வைத்திருந்த சேவியர், லாரியை அடையாளம் கண்டு ஓடிவந்தான். படத்தைப் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களை நம்பிப் போட்ட கடை, படம் போனதிலிருந்து வருகிறவர்கள் வெறுஞ்சுவரைப் பார்த்துவிட்டு வழி கேட்டுப் போய்விடுகிறார்கள் என்று புலம்பினான். ‘எறக்குங்கண்ணே, சீக்கிரம் எறக்குங்க’ என்று அவன் சொல்லி வாய் மூடவில்லை, உப்பளத்துப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

‘எறக்கிப்புடாதிய! அவள எறக்குனா நான் இந்தச் சொவத்த இடிச்சுப் போட்டுருவேன், ஆமா.’

வந்தவள் ஜெபக்கனி. நாற்பது தாண்டியிருக்கும், பாதமெல்லாம் உப்பு அரித்து வெடித்திருந்தது, முன்பல் ஒன்று இல்லை, வெயில் கருக்கிய கன்னம் உள்ளே விழுந்திருந்தது. படம் வரைந்த பெண் பார்த்து வரைந்தது இவளைத்தான் என்று சேவியர் சொன்னான். கோகிலவாணி அவளைத் தலையிலிருந்து கால்வரைக்கும் பார்த்தாள். இவளா அவள்? நெஞ்சில் ஒரு குளிர்ச்சி இறங்கியது, அதை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை.

‘ஏமாந்துட்டியோ?’ என்றாள் ஜெபக்கனி. ‘எல்லாரும் இப்பிடித்தாம்மா பாப்பாவ. காரு போட்டு வருவாவ, சொவத்தப் பாப்பாவ, பொறவு என்னையப் பாப்பாவ, பொறவு ஒரு சிரிப்பு சிரிப்பாவ பாரு, சோறு எறங்காது எனக்கு. பக்கத்துல நில்லுங்கம்பாவ. அது மாதிரி சிரிங்கம்பாவ. அன்னைக்கி ஒரு நண்டு சூப்பர்வைசர் காலப் புடிச்சிட்டுதுன்னு சிரிக்கப் போனேன், அந்தப் புள்ள அதப் பாத்துட்டுப் போயி சொவத்துல போட்டுட்டா. தெனமும் நண்டுக்கு நான் எங்க போவேன்?’

‘உங்க வீட்டுக்காரருக்குச் சந்தோசமா இருந்திருக்குமே…’ என்றாள் கோகிலவாணி.

‘அதச் சொல்லு. டீயக் குடிச்சுட்டு இந்தா இந்தப் பெஞ்சியிலயே கெடப்பாரு, அவளப் பாத்துக்கிட்டு. வீட்டுக்கு வந்தா எம் மூஞ்சியில என்னத்தையோ தேடுவாரு, கெடைக்காது, போத்திப் படுத்துருவாரு. ஊருல பொம்பளைக்கு இன்னொருத்தியாலதான் தொந்தரவு. எனக்கு என்னாலயே தொந்தரவு. நீ நல்லா இருப்ப, ஒங்க ஊர்லயே வச்சுக்கோ.’

‘எனக்கும் வேண்டாமுங்கக்கா!’

ஒரே பெண்ணை நீ வைத்துக்கொள், நீ வைத்துக்கொள் என்று இரண்டு பேரும் நடுரோட்டில் தள்ளிக்கொண்டதைக் கேட்டு உப்புக் கூடைகளை இறக்கிவைத்துவிட்டு மற்றப் பெண்கள் கூடினார்கள். சேவியர் கடைக்காகப் பேசினான், அவனை உட்காரச் சொன்னார்கள். கடலில் போட்டுவிடலாம் என்றாள் ஒருத்தி, கடலுக்கு ஏது சுவர் என்றாள் இன்னொருத்தி. யார் முதலில் சொன்னது என்று பிறகு யாருக்கும் நினைவில்லை, உப்பளத்துக்குள்ளே பெண்கள் கஞ்சி குடித்துக் காலாற உட்காரும் ஷெட் இருக்கிறதே, அங்கே போகட்டும் என்றார்கள். அங்கே ஆண்கள் வருவதில்லை, வெளியூர்க்காரர்கள் வருவதில்லை. யாரும் யாரையும் பக்கத்தில் நிறுத்தி ஒப்புப் பார்க்கமாட்டார்கள். ‘எங்களோட கஞ்சி குடிக்கதுன்னா வரட்டும்’ என்றாள் ஜெபக்கனி.

ரத்தினவேல் போனோடு கிளம்பினான். ஷெட் வாசலிலேயே அவனை நிறுத்திவிட்டார்கள். போனைக் கோகிலவாணி வாங்கிக்கொண்டு உள்ளே போய், படத்தைத் திறந்து, கரி படிந்த சுவருக்கு நேரே காட்டினாள். உப்பளத்துக்காரி இறங்கினாள். இத்தனை நாளும் கைராசி என்று நினைத்திருந்தது கைராசி இல்லை என்று தெரிந்து வெளியே ரத்தினவேல் முகம் தொங்கிப்போக, உள்ளே பெண்கள் தூக்குவாளிகளைத் திறந்து, படத்துக்குக் கீழே இடம் பங்கிட்டு உட்கார்ந்தார்கள். ஜெபக்கனி ஊறுகாயைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்து, ‘ஏளா, ஒனக்குப் பல்லு எத்தன இருக்குன்னு காட்டேன்’ என்றாள், ஷெட்டே சிரித்தது.

கிளம்பும்போது ஜெபக்கனிதான் ரத்தினவேலைப் பிடித்துக்கொண்டாள். ‘ஏ தம்பி, எங்கெங்கயோ கெடக்க சொவத்தயெல்லாம் எடுக்கியே, இவ்வளவு தொலவு வந்த புள்ளய ஒரு போட்டோ எடுத்தியா?’

‘அவளுக்குப் புடிக்காதுங்கக்கா. மூஞ்சிய மூடிக்குவா.’

‘கேட்டுப் பாத்தியா?’

‘முந்தி கேட்டேனுங்க.’

‘இப்பக் கேளு.’

அவன் கேட்டான். கோகிலவாணியின் கை முந்தானைக்குப் போனது. போன கையைப் பின்னால் கொண்டுபோய், குடோனின் வெள்ளைச் சுவரில் ஊன்றி, முதுகை நன்றாகச் சாய்த்து, முகவாயைத் தூக்கிக்கொண்டு நேராகப் பார்த்தாள். அவன் எடுத்தான். எடுத்துவிட்டு இன்னொரு தரம் எடுத்தான். அவளுக்குக் காது மடல்வரைக்கும் சுட்டது.

மனுஷரை எடுத்தால் அது எங்கும் நகராது என்பது ஊரறிந்த சங்கதி. ஆனால் சுவரில் அப்படிச் சாய்ந்து நின்றவளைச் சுவர் தன்னுடையது என்று எண்ணிக்கொண்டதோ என்னமோ, வீட்டுக்கு வந்து பாவாயியக்காவிடம் காட்டலாம் என்று அவன் போனைத் திறந்ததும், தண்ணீர்த் தொட்டிக்கு நேரே, கூரை முட்ட, தோளில் சுண்ணாம்புத் தூளோடு, முகவாயைத் தூக்கிக்கொண்டு கோகிலவாணி நின்றாள்.

‘அடி ஆத்தா!’ என்றாள் பாவாயியக்கா.

ஊர் வந்து பார்த்தது, பக்கத்து ஊர் வந்து பார்த்தது. இவ்வளவு லட்சணமாகவா இருக்கிறாள் இந்தப் பெண், நாம் பார்க்கவே இல்லையே என்றார்கள். கோகிலவாணி முதலில் தொட்டிப் பக்கத்தை எட்டிப் பார்க்கவே கூசினாள், பிறகு வேலை இல்லாவிட்டாலும் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்வந்தாள். இனி இந்த வீட்டில் தான்தான், உள்ளேயும் தான், வெளியேயும் தான் என்று நெஞ்சு நிரம்பித் தூங்கினாள்.

ரத்தினவேல் லோடு முடிந்து வந்தால் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துகொண்டான். மகிழினி அழுதால் சுவர்ப் பக்கம் கொண்டுபோகச் சொன்னான், பிள்ளை சுவரிலிருந்த அம்மாவைப் பார்த்துக் கைகொட்டியது, தூக்கிக்கொண்டு நின்ற அம்மாவின் தாலிக்கயிற்றைச் சவைத்தது. படம் பார்க்க வந்தவர்களிடம் அவன் வாய் வலிக்கப் பேசினான், அந்தக் கண்ணைப் பாருங்க, பயமே இல்லாம எப்படிப் பாக்குதுன்னு பாருங்க என்றான். அவன் சொன்னதெல்லாம் நல்ல வார்த்தைதான். சொன்னதெல்லாம் சுவரைப் பார்த்துச் சொன்னது. வந்தவர்கள் சுவரைப் பார்த்துவிட்டு, சாணிக் கூடையோடு வந்த அவளைப் பார்த்து, ‘அந்த மாதிரி செத்த நில்லுங்களேன்’ என்றார்கள்.

ஒரு சாயங்காலம் அவள் டீ கொண்டுவந்து நீட்டினாள். அவன் பார்வையை எடுக்காமலே கையை மட்டும் நீட்டி வாங்கினான், வாங்கின கை அவள் விரலைத் தொட்டதுகூட அவனுக்குத் தெரியவில்லை. கோகிலவாணி திரும்பிப் போனாள், பாதி வழியில் நின்றாள், திரும்பி வந்தாள். வந்து அவனுக்கும் சுவருக்கும் நடுவே நின்றாள்.

‘மறைக்குது புள்ள,’ என்றான் அவன். ‘செத்த அக்கட்டால நகரு.’

அவள் நகரவில்லை. அவன் இடது பக்கம் சாய்ந்தான், அவளும் அந்தப் பக்கம் ஒரு எட்டு வைத்தாள். வலது பக்கம் சாய்ந்தான், அங்கேயும் அவள் இருந்தாள். அடுப்புப் புகையில் சிவந்த கண்ணும், நெற்றியில் வேர்வையில் கரைந்த பொட்டும், பிள்ளை கக்கிய பால் காய்ந்த தோளுமாக, அந்தச் சுவரில் பாதி உயரம்கூட இல்லாமல் நின்றாள். அவன் நிமிர்ந்தான்.

‘என்ன புள்ள? டீ ஆறுது.’

‘ஆறட்டும்,’ என்றாள் கோகிலவாணி. ‘பாருங்க.’